மேகம் விலகும் வரை: மலையில் விஞ்ஞானிகளைப் படம் எடுக்கத் தொடங்குபவர்களுக்கு

குன்னூரில் கல்யாணம், காதுகுத்து, சீர் என்று படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். அந்த வேலைக்கு நடுவில், யாரும் கேட்காமலேயே எட்டு வருஷமாக இன்னொன்றும் செய்துவருகிறேன். நீலகிரியிலும் பழனி மலையிலும் ஆராய்ச்சி செய்பவர்களைத் தேடிப்போய் அவர்களைப் படம் எடுப்பது. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "அண்ணா, எனக்கும் ஆசையா இருக்கு, எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்கும் தம்பி தங்கைகள் இப்போது நிறையப் பேர். ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

ஊட்டி, கோடைக்கானல் என்றதும் படகும் சாக்லேட்டும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் கோடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் 1904லிருந்து, வானம் இடம் கொடுக்கிற நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். சூரியக் கரும்புள்ளிகளில் வாயு உள்ளிருந்து வெளிப்புறமாக ஓடுகிறது என்பதை 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான், அவருடைய மனைவி மேரியும் அதே மலையில் சூரியனை ஆராய்ந்தவர். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி மலைச்சரிவில் படுத்திருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970லிருந்து வேலை செய்கிறது. அதே ஊட்டியில் காஸ்மிக் கதிர்களை, அதாவது விண்வெளியிலிருந்து வந்து விழும் துகள்களை, பிடிக்கிற கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இருக்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று ஊர் மேல் வந்து நின்ற ஓர் இடிமேகத்துக்குள் சுமார் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை, மேகத்தைத் தொடாமலே, அந்தக் கதிர்களால் காற்றில் உண்டாகும் மியூவான் என்ற நுண்துகள்களை எண்ணிக் கணக்குப் போட்டு 2019ல் சொன்னார்கள். எங்கள் குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907லிருந்து இருக்கிறது, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் பேர்போன இடம். இது போக உருளைக்கிழங்கு, கோதுமை, ஆடு, மண் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆய்வு நிலையம் இந்த மலைகளில் உண்டு.

சூரியனுக்கு நூற்றிருபது வருஷத்துப் படங்கள் இருக்கின்றன. அவற்றை எடுத்தவர்களின் முகம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு ஒரு முகம்கூடத் தெரியாது என்று ஒருநாள் உறைத்ததால்தான் இந்த வேலைக்குள் வந்தேன்.

முதலில், வெள்ளைக் கோட்டு மாட்டுவதை மறந்துவிடுங்கள்

என் முதல் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நீங்களும் அதே வழியில் போய்விடக் கூடாது. ஒரு பயிர் ஆய்வு நிலையத்தில் வேலை செய்யும் மேடம் ஒருவரை எடுக்கப் போனேன். எங்கிருந்தோ ஒரு வெள்ளைக் கோட்டு கொண்டுவரச் சொல்லி, மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காரவைத்து, பக்கத்தில் நிற நீர் ஊற்றிய குடுவை ஒன்றையும் வைத்து, "கொஞ்சம் சிரிங்க மேடம்" என்று எடுத்தேன். பளிச்சென்று வந்தது. பிரிண்ட் போட்டு அவர் வீட்டுக்குக் கொண்டுபோனபோது அவருடைய அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரோ டாக்டரம்மா மாதிரி இருக்கே, இது நீதானா?" என்று மகளைக் கேட்டார். மேடம் எதுவும் சொல்லவில்லை. அவருடைய நிஜமான வேலை, கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு உருளைக்கிழங்குக் காடு காடாக நடந்து, வேரைத் தோண்டிப் பார்ப்பது. உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவை இந்தியாவில் முதலில் கண்டது நம் நீலகிரியில்தான், 1961ல். அன்றிலிருந்து இந்த மலையில் எத்தனையோ பேர் வேருக்கு முன்னால் குனிந்திருக்கிறார்கள். அந்தக் குனிதலை விட்டுவிட்டு நான் ஒரு விளம்பரப் படம் எடுத்துவந்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி போனேன். கோட்டு இல்லை, குடுவை இல்லை. அவர் ஒரு செடியைப் பிடுங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குண்டூசித் தலை அளவுகூட இல்லாத ஏதோ ஒன்றை வேரில் தேடிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நகத்துக்குள் மண். அந்தப் படம் அவர் அம்மா வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது.

படங்களைப் பாருங்கள், அப்புறம் ஆளைத் தேடுங்கள்

கேமராவைத் தூக்குவதற்கு முன் ஒரு வாரம் பழைய படங்களைப் பாருங்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது ஜூலியா மார்கரெட் கேமரன் 1867ல் எடுத்த ஜான் ஹெர்ஷல் படம். கேமரன் கல்கத்தாவில் பிறந்தவர், கடைசிக் காலத்தில் இலங்கையில் வாழ்ந்து அங்கேயே இறந்தவர். ஹெர்ஷல் வானியலாளர், அதோடு போட்டோ கலையாமல் நிலைநிறுத்த ஹைப்போ என்ற ரசாயனம் உதவும் என்று கண்டு சொன்னவரும் அவரே. அப்படிப்பட்டவரை எடுக்கும்போது கேமரன் தொலைநோக்கியையோ நட்சத்திர வரைபடத்தையோ பக்கத்தில் வைக்கவில்லை. தலைமுடியைக் கழுவிப் பஞ்சாக உதறிவிடச் சொன்னார், இருட்டுக்குள்ளிருந்து முகம் மட்டும் வெளியே வருகிற மாதிரி எடுத்தார். சுருக்கம், ஈரக்கண், கலைந்த வெள்ளைமுடி, அவ்வளவுதான் படத்தில். முப்பது வருஷப் பழக்கம் இருந்ததால்தான் அந்த நெருக்கம் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

ஐன்ஸ்டீன் நாக்கை நீட்டும் படம் எல்லோருக்கும் தெரியும். 1951 மார்ச் 14, அவருடைய 72வது பிறந்தநாள், ஆர்தர் சாஸ் எடுத்தது. நாள் முழுக்கச் சிரி சிரி என்று கேட்டுக் களைத்த மனிதர் காரில் ஏறி உட்கார்ந்த பிறகு செய்தது அது. அவருக்கே பிடித்துப்போய் பிரதிகள் வாங்கி நண்பர்களுக்கு அனுப்பினார். இதைப் பார்த்துவிட்டு, போகிற இடத்திலெல்லாம் "சார், ஏதாவது ஜாலியா பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். அவர் தானாகச் செய்தார், அதனால் அது படம். நாம் கேட்டுச் செய்யவைத்தால் அது வேஷம்.

நம்மூர்ப் படம் ஒன்று: 1981ல் இஸ்ரோவின் ஆப்பிள் என்ற செயற்கைக்கோளை மாட்டுவண்டியில் ஏற்றிவைத்திருக்கும் படம். வறுமைக்கு அடையாளமாக அதைக் காட்டுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் கோபம் வரும். ஆன்டெனாவைச் சோதிக்க உலோகம் குறுக்கே வராத மேடை தேவைப்பட்டது, மரவண்டி அதற்குச் சரியாக இருந்தது. ஒரு பிரச்சினைக்கு ஆட்கள் கண்டுபிடித்த வழியைத்தான் அந்தப் படத்தில் நான் பார்க்கிறேன். நீங்கள் போகிற இடத்திலும் இப்படி ஒரு மாட்டுவண்டி கட்டாயம் இருக்கும், கண்ணைத் திறந்து வைத்திருங்கள். நான் பார்த்ததில், ஒரு பூச்சியியல் ஆய்வாளர் வலைக்குக் கொசுவலைத் துணியும் பழைய பேட்மிண்டன் மட்டையும் வைத்திருந்தார்.

யாரை எடுப்பது? பெரிய பெயரிலிருந்து தொடங்காதீர்கள். ஆய்வு நிலைய இயக்குநருக்கு நேரம் இருக்காது, பேட்டி கொடுத்துப் பழகிய முகமும் சட்டென்று திறக்காது. இரண்டாம் வருஷ ஆய்வு மாணவி, இருபது வருஷமாக மழைமானி பார்க்கும் உதவியாளர், காட்டில் வழிகாட்டும் களப்பணியாளர், இவர்களிடமிருந்து தொடங்குங்கள். குறிப்பாகக் களப்பணியாளர்கள். செடிக்கு லத்தீன் பெயர் வைப்பவர் ஒருவர் என்றால், அந்தச் செடி எந்தச் சோலையில் எந்த ஓடைப் பக்கம் இருக்கும் என்று கூட்டிப்போனவர் இன்னொருவர். பெரும்பாலும் இந்த மலையிலேயே பிறந்தவர். இரண்டு பேரையும் ஒரே அளவில், ஒரே அக்கறையோடு எடுங்கள், இரண்டு பெயரையும் போடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

அனுமதி

அரசு ஆய்வு நிலையம் என்றால் நிலையத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம். யார், எதற்கு, எந்த நாள், படம் எங்கே போகும், காசுக்கா இல்லையா என்று ஐந்து வரியில் எழுதி, முன்பு எடுத்த நாலு படங்களையும் இணைத்து அனுப்புங்கள். பதில் வர ஒரு மாதம் ஆகலாம், காத்திருங்கள். காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி தனி. ஆய்வாளரிடம் இருக்கும் அனுமதி உங்களுக்குச் செல்லாது. தடுப்பூசி போன்றவை செய்கிற இடங்களில் சுத்தமான அறைகளுக்குள் பை, ட்ரைபாட் எதையும் விடமாட்டார்கள், கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் எடுக்க வேண்டிவரும். வெளியூரிலிருந்து வண்டியில் வருகிறவர்கள், 2024 மே 7லிருந்து ஊட்டிக்கும் கோடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்பதை மறந்துவிட்டு மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ வந்து நிற்காதீர்கள்.

நிலையத்தின் அனுமதி வேறு, ஆளின் சம்மதம் வேறு. தலைவர் சொன்னார் என்பதற்காகச் சிலர் வந்து நிற்பார்கள். தனியாக ஒரு நிமிஷம் கேளுங்கள்: "உங்களுக்கு இஷ்டமா? வேண்டாம்னா நான் அவர்கிட்ட வேற ஏதாவது சொல்லிக்கிறேன்." வேண்டாம் என்றவர்களை நான் எடுத்ததில்லை. அதில் ஒருவர் இரண்டு வருஷம் கழித்துத் தானே கூப்பிட்டார்.

முதல் நாள் கேமராவைப் பையிலேயே வையுங்கள்

இதை யாரும் கேட்பதில்லை. மலையேறி வந்தாச்சு, ஒரு நாள்தான் லீவு என்பார்கள். சரி, ஒரு நாள்தான் என்றால் காலையில் எடுக்காதீர்கள், மத்தியானம் எடுங்கள். காலை முழுக்க அவர் பின்னால் நடங்கள். என்ன செய்கிறார், எதைத் தொடுகிறார், எங்கே உட்காருகிறார், டீயை எங்கே வைக்கிறார் என்று பாருங்கள். வீட்டிலிருந்து கிளம்பும் முன் அவருடைய வேலை பற்றி ஒரு மணி நேரமாவது படித்துவிட்டு வாருங்கள். எல்லாம் புரிய வேண்டியதில்லை, நல்ல கேள்வி கேட்கிற அளவுக்குப் போதும்.

கேள்வி ரொம்ப முக்கியம். "உங்க சாதனை என்ன சார்?" என்று கேட்டால் முகம் மூடிக்கொள்ளும், மேடையில் நிற்பது மாதிரி ஆகிவிடுவார். நான் கேட்பது இப்படி: இதில் எது அடிக்கடி கெட்டுப்போகும்? எந்த வருஷம் வீணாகப் போச்சு? இந்த வேலையை உங்க பாட்டிக்கு எப்படிச் சொல்லுவீங்க? ராத்திரி தூக்கம் வராமப் பண்ணினது எது? கெட்டுப்போனதைப் பற்றிப் பேசும்போது மனிதர்கள் கைகளை ஆட்டுவார்கள், புருவம் ஏறும், நடுவில் நிறுத்தி ஜன்னலைப் பார்ப்பார்கள். அந்த நிறுத்தத்தில்தான் பிறகு ஷட்டரை அழுத்தப் போகிறீர்கள், எந்தக் கேள்வி அங்கே கொண்டுபோனது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன கொண்டுபோவது

குறைவாக. ஒரு கேமரா, ஒரு 35 எம்எம், ஒரு 50 எம்எம் 1.8 லென்ஸ். ஆய்வுக்கூடங்கள் சின்ன அறைகள், 85 எம்எம் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தால் சுவர் இடிக்கும். ஃப்ளாஷ் வேண்டாம். ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டை, மூன்றடிக்கு இரண்டடி, அதுதான் உங்கள் ரிஃப்ளெக்டர், மேட்டுப்பாளையம் கடையிலேயே கிடைக்கும். போன்தான் இருக்கிறது என்றால் போனிலேயே எடுங்கள். ஆனால் பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள், பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெயிட் மோடையும் அணையுங்கள். விஞ்ஞானிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் அவருடைய வாழ்க்கை, அதை மங்கலாக்கிவிட்டு என்ன எடுக்கப் போகிறோம்?

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழுகிற காலையில் போனால் இரண்டாவது பேட்டரியை ஸ்வெட்டருக்குள் சட்டைப்பையில் வையுங்கள். வெளியே குளிர்ந்த கேமராவை ஆட்களும் ஹீட்டரும் இருக்கிற அறைக்குள் அப்படியே எடுத்துப்போனால் லென்ஸ் முழுக்க வேர்த்துவிடும். உள்ளே போகும் முன் ஜிப் பையில் போட்டு மூடி, கால் மணி நேரம் விட்டு எடுங்கள். மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிப்பது இந்த மலையின் தலைவிதி. காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், மாதம் ஒரு தடவை அந்த ஜெல்லைச் சூடான சட்டியில் காயவைப்பது. இதில் சோம்பல் கூடாது.

வெளிச்சம்

இங்கேதான் மலை உங்களுக்கு உதவி செய்யும். கீழே சமவெளியில் மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் முகத்தில் கண்குழி கறுத்துப்போகும். இங்கே மேகம் இறங்கிவிட்டால் வானம் முழுக்க ஒரு பெரிய வெள்ளைத்துணி கட்டின மாதிரி, எந்தப் பக்கம் திருப்பினாலும் முகம் மென்மையாக வரும். ஆனால் கேமரா ஏமாறும். வெள்ளையாக இருப்பதைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று நினைத்து, படத்தைச் சாம்பல் நிறமாக இருட்டாக்கிவிடும். மூட்டத்தில் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) கூட்டுங்கள், அல்லது முகத்தை மட்டும் அளந்து எடுங்கள்.

நம் ஆட்களின் முகம் மாநிறமும் கறுப்பும். அதை வெளுக்க வைக்காதீர்கள். ஸ்டுடியோவில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், முகத்தை வெளுப்பாக்குவது நமக்குக் கையில் ஊறிப்போன பழக்கம், கஸ்டமர் கேட்காமலே செய்வோம். வெயிலிலும் பனியிலும் இருபது வருஷம் நின்ற கன்னத்தின் நிறம் அவர் செய்த வேலையின் பதிவு. நிழலைக் கொஞ்சம் தூக்கிக் கண் தெரிய வைத்தால் போதும், தோலைத் தொடாதீர்கள். மலையில் வேலை செய்கிறவர்களுக்குக் குளிரில் உதடு வெடித்திருக்கும், அதையும் அழிக்காதீர்கள்.

அறைக்குள் முதலில் ட்யூப்லைட்டை அணைக்க முடியுமா என்று கேளுங்கள். ஜன்னலின் நீல வெளிச்சமும் விளக்கின் வெளிச்சமும் கலந்தால் முகத்தில் ஒரு பாதி பச்சை, ஒரு பாதி நீலம். அணைக்க முடியாது என்றால் ஷட்டரை ஐம்பதில் ஒன்று அல்லது நூற்றில் ஒன்று வினாடியில் வையுங்கள், நம் மின்சாரத்துக்கு அதுதான் பொருந்தும், கோடு கோடாக விழாது. ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்து, மறுபக்கம் தெர்மோகோலைச் சாய்த்து வையுங்கள். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் வெளிச்சத் துவாரத்தை, 1.8க்குத் திறந்து கண்ணை மட்டும் கூர்மையாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். 4ல் வையுங்கள், கையும் தெரிய வேண்டும்.

கை, காத்திருப்பு

கை என்று சொன்னேன், அதை விளக்கிவிடுகிறேன். பழனி மலையில் ஒரு தாவரவியலாளர், அறுபது வயது தாண்டியவர். அனுமதி பெற்ற இடத்தில் ஒரு நீளப் புல்லை வேரோடு எடுத்தார். வேரில் ஒட்டிய மண்ணைச் சுண்டுவிரலால் தட்டிவிட்டார். பழைய செய்தித்தாளை விரித்து, புல் தாளைவிட நீளமாக இருந்ததால், முழங்காலை மடக்குவது போல இரண்டு இடத்தில் மெதுவாக மடக்கி வைத்தார். எல்லா இலையும் நிமிர்ந்திருக்க ஒரே ஓர் இலையை மட்டும் குப்புறத் திருப்பினார், பின்னாளில் பார்க்கிறவருக்கு அடிப்பக்கமும் தெரிய வேண்டுமாம். அதற்குள் ஓர் எறும்பு தாளுக்குள் புகுந்துவிட்டது. அவர் குனிந்து அதை ஊதி ஊதி ஓரத்துக்கு அனுப்பி, அது இறங்கிப் போன பிறகுதான் மேலே அடுத்த தாளை வைத்தார். நான் எடுத்த நூற்றைம்பது படங்களில் வைத்துக்கொண்டது அந்த ஊதும் படம் ஒன்றைத்தான். கன்னம் உப்பியிருக்கிறது, இரண்டு கையும் தாளின் இரண்டு மூலையில், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு எழுந்திருப்பவர் மாதிரி. அவர் எத்தனை செடிகளை அடையாளம் கண்டார் என்பது எனக்கு மறந்துவிட்டது, அந்த எறும்பு மறக்கவில்லை.

இன்னொன்று காத்திருப்பு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஆராய்ச்சி என்றால் "கண்டுபிடித்துவிட்டேன்" என்று துள்ளும் கணம். எட்டு வருஷத்தில் அப்படித் துள்ளியவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. மழை நிற்க, பூ விரிய, தட்டில் கிருமி வளர, கம்ப்யூட்டர் ஓடி முடிய, அனுமதிக் கடிதம் வர, மேகம் விலகக் காத்திருப்பவர்களைத்தான் பார்த்தேன். குறிஞ்சியை ஆராய்கிறவர் 2018ல் பார்த்த பூக்களை அடுத்து 2030ல்தான் பார்ப்பார், அதற்குள் அவர் தலை நரைத்துவிடும். இந்தக் காத்திருப்பில்தான் ஆள் தெரிகிறார், நான் சொல்ல வருவதெல்லாம் இது ஒன்றுதான். சிலர் விசில் அடிப்பார்கள், சிலர் பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பார்கள், சிலர் வீட்டுக்குப் போன் போட்டு "குழந்தை சாப்பிட்டாச்சா" என்பார்கள்.

ஒரு வானியல் உதவியாளரோடு ஒரு காலை முழுக்க இருந்தேன். சூரியனைப் பார்க்கக் காலைதான் நல்ல நேரம், வெயில் ஏற ஏறக் காற்று கலங்கி, பிம்பம் நடுங்க ஆரம்பித்துவிடும். அன்றைக்கு ஆறரையிலிருந்து மேகம். அவர் மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டு, டீ கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டியபடி, ஜன்னல் பக்கம் திரும்பாமலே பேசிக்கொண்டிருந்தார். மகளுக்குப் பிளஸ் டூ, மச்சான் நிலம் வாங்கினது, எல்லாம். திடீரென்று பேச்சு பாதியில் நின்றது. சுவரில் விழுந்த வெளிச்சம் ஒரு துளி கூடியிருந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. கிளாஸ் மேசைக்குப் போன சத்தம் கேட்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். அந்த அரை எழுச்சியில், ஒரு கை மேசையில் ஊன்றி, முகம் வெளிச்சத்தை நோக்கித் திரும்பியிருக்கும் படம் என்னிடம் இருக்கிறது. முப்பது வருஷ அனுபவம் அந்தக் கழுத்துத் திருப்பத்தில் இருக்கிறது. மேகம் இல்லாத நாளாக இருந்திருந்தால் எனக்கு அது கிடைத்திருக்காது. அதனால்தான் ஆட்களிடம் தேதி கேட்கும்போது நான் "வேலை தடங்கலாகிற நாளில் வரட்டுமா?" என்று கேட்கிறேன்.

இதைச் செய்யும் முறை ரொம்ப எளிது. ஷட்டர் சத்தத்தை அணைத்துவிடுங்கள். ஒரே இடத்தில் உட்காருங்கள், சுற்றிச் சுற்றி நடக்காதீர்கள். முதல் முப்பது நாற்பது படம் பழக்கத்துக்கு, அதை அழித்துவிடலாம். பேசிக்கொண்டே கேமராவை மடியில் வைத்திருங்கள், பேச்சு நின்றதும் தூக்குங்கள். ஒரு படம் எடுத்ததும் உடனே திரையைப் பார்க்காதீர்கள், நீங்கள் குனிகிற அந்த இரண்டு வினாடியில்தான் எல்லாம் நடக்கும்.

இடத்துக்கு இடம் கவனிக்க வேண்டியவை

ரேடியோ தொலைநோக்கி இருக்கும் இடத்தில் போனை அணைத்துவிடுங்கள், கேமராவின் வைஃபை, புளூடூத்தையும்தான். கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் மெல்லிய சிக்னலைக் கேட்டுக்கொண்டிருப்பவர் பக்கத்தில் நாம் இரையக் கூடாது. முத்தொரைத் தொலைநோக்கி முழுவதையும் ஒரே படத்தில் அடக்க ஆசைப்பட்டால் ஆள் எறும்பாகிவிடுவார். அந்தச் சரிவைப் பற்றி அவரையே பேசவிடுங்கள். மலையின் சாய்வும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஒன்றாக, 11 டிகிரி அளவில் இருப்பதால்தான் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. இதை விளக்கும்போது எல்லோருமே கையைச் சாய்த்துக் காட்டுவார்கள். பின்னால் தொலைநோக்கியின் ஒரே ஓர் இரும்புச் சட்டம், முன்னால் சாய்ந்த கை, போதும்.

சூரியனை நேராக லென்ஸில் பார்க்காதீர்கள், கண்ணும் போகும் கேமராவும் போகும். சூரிய பிம்பத்தைத் தாளில் விழவைத்துப் பென்சிலால் கரும்புள்ளிகளைக் குறிப்பவர் கிடைத்தால் அதிர்ஷ்டம், தாளிலிருந்து எழும் வெளிச்சமே முகத்துக்குப் போதும். லேசர் இருக்கும் அறையில் கேமராவை அந்தப் பக்கமே திருப்பாதீர்கள், சென்சார் கருகிவிடும்.

காட்டில் மழைக்காலம் என்றால் அட்டை ஏறும். ஆய்வாளர்கள் பேச்சை நிறுத்தாமலே கணுக்காலிலிருந்து அட்டையை எடுத்துவிட்டுக் குறிப்பு எழுதுவார்கள், அதைத் தவறவிடாதீர்கள். சாயங்காலம் ஐந்துக்கு மேல் நிற்காதீர்கள், கோத்தகிரியிலும் கோடைக்கானலிலும் காட்டெருமை ரோட்டுக்கே வரும். களப்பணியாளர் "போலாம்" என்றால் அந்த நிமிஷமே கிளம்பணும், இன்னும் ஒரு படம் என்பது கிடையாது.

வெளியிடுவதற்கு முன்

இதில் நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன். ஒரு மாணவியை எடுத்த படத்தில் பின்னால் கரும்பலகை இருந்தது. அழகாக இருக்கிறதே என்று அப்படியே வெளியிட்டுவிட்டேன். பலகையில் இருந்தது இன்னும் வெளியிடாத அவருடைய கணக்கு, மூன்று வருஷ உழைப்பு. ராத்திரி பதினொரு மணிக்கு அவர் போன் செய்தபோது குரல் நடுங்கியது. உடனே எடுத்துவிட்டேன், ஆனால் அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தையும் எடுக்கப்பட்டவருக்கு முழு அளவில் அனுப்பி, "பின்னால இருக்கிறதையும் பாருங்க" என்று சொல்லி, பதில் வந்த பிறகுதான் போடுகிறேன். பலகை, நோட்டுப் புத்தகம், கம்ப்யூட்டர் திரை, மாதிரிக் குப்பிகளின் லேபிள், நாலையும் பெரிதாக்கிப் பாருங்கள். காட்டில் எடுத்த படம் என்றால் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிடுங்கள். ஓர் அரிய ஆர்க்கிட் எந்த மரத்தில் இருக்கிறது என்பது போன் வழியாகத் தெரிந்தால் அடுத்த மாதம் அந்த மரத்தில் அது இருக்காது.

குறிப்பு எழுதும்போது பட்டங்களை அடுக்காதீர்கள். பெயர், ஊர், அவர் செய்யும் வேலை ஒரே வாக்கியத்தில், அவர் தன் அம்மாவுக்குச் சொல்கிற தமிழில். அவர் வாயாலேயே சொல்லவைத்து எழுதிக்கொள்ளுங்கள். "மண்ணுக்குள்ள தண்ணி எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாக்குறேன்" என்று ஒருவர் சொன்னார், அதற்கு மேல் நான் என்ன எழுத?

கடைசியாக பிரிண்ட். இதைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம், பளபளப்பில்லாத மேட் பேப்பரில் இரண்டு பிரதி, ஒன்று அவருக்கு, ஒன்று படத்தில் கூட இருந்த உதவியாளருக்கு. தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோங்கள், வீட்டில் யாராவது இருக்கிற நேரமாகப் பார்த்து. பின்பக்கம் பெயர், இடம், தேதி எழுதுங்கள், பென்சிலால், அழுத்தாமல். பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவரும். நான் அதோடு அன்றைய வானிலையையும் ஒரு வரி எழுதுவேன்: காலை ஆறரை முதல் மேகம், 9.10க்கு விலகியது.